பிராங்க் ஹார்ன்பி

பிராங்க் ஹார்ன்பி (மே 15, 1863 – செப்டம்பர் 21, 1936) இங்கிலாந்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் அரசியல்வாதியும் ஆவார். துளையிட்ட உலோகப் பட்டைகளைப் போல்ட், நட்டு கொண்டு பிணைத்துப் பாலம், பாரந்தூக்கி, வண்டி முதலியவற்றைக் கட்டும் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை இவர் கண்டுபிடித்தார். ஹார்ன்பி தொடர்வண்டிகளும் டிங்கி டாய்ஸ் எனப்படும் சிறு வாகனங்களும் இவர் நிறுவிய மெக்கானோ நிறுவனத்தின் படைப்புகளே.

ஹார்ன்பி பொறியியல் கற்றவர் அல்லர். கணக்கராகப் பணியாற்றியபடியே, ஓய்வு நேரத்தில் தம் மகன்களுக்காகச் செய்த பொம்மைகளில் இருந்து இவரது கண்டுபிடிப்பு உருவானது. ஒரே உறுப்புகளைக் கொண்டு பலவற்றைக் கட்டலாம், அவற்றைக் கழற்றி வேறொன்றாகவும் கட்டலாம் என்பதே அதன் அடிப்படை. பிற்காலத்தில் இவர் வெளியிட்ட தொடர்வண்டிகள் இக்கருத்திலிருந்து படிப்படியாக விலகி, உண்மையான எஞ்சின்களின் தோற்றத்தை நெருங்கிச் சென்றன. கட்டி விளையாடுவதற்கான பொம்மை, உண்மையை ஒத்த மாதிரி என்னும் இவ்விரு நோக்கங்களுக்கும் இடையிலான இழுபறியை இவரது வாழ்க்கை முழுவதிலும் காணலாம். மாதிரித் தொடர்வண்டிகளில் நுண்விவரம் சேர்த்து மாற்றியமைக்கும் இன்றைய பொழுதுபோக்கிலும் அதே இழுபறி தொடர்கிறது.

இளமைக் காலம்

ஹார்ன்பி 1863ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஆஸ்வால்டு ஹார்ன்பி உணவுப் பொருள் வணிகர். தாயார் பெயர் மார்த்தா. அக்காலத்தில் லிவர்பூல் பிரித்தானியப் பேரரசின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. 1830ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லிவர்பூல் – மான்செஸ்டர் இருப்புப்பாதை, நீராவி எஞ்சின்கள் இரு பெருநகரங்களை இணைத்த தொடக்க காலப் பாதைகளுள் முதன்மையானது. பாரந்தூக்கிகளும் சரக்குத் தொடர்வண்டிகளும் அந்நகரச் சிறுவர்களின் அன்றாடக் காட்சிகளாக இருந்தன.

பதினாறாம் வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திய ஹார்ன்பி, தந்தையின் வணிகத்தில் காசாளராகச் சேர்ந்தார். உழைப்பால் உயர்ந்தோரின் வரலாறுகளைக் கூறும் சாமுவேல் ஸ்மைல்ஸின் நூல் இவரை மிகவும் கவர்ந்தது. அதில் இடம்பெற்ற கண்டுபிடிப்பாளர்களைப் போலத் தாமும் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்னும் விருப்பத்தால், இடைவிடாது தானாக இயங்கும் எந்திரம் ஒன்றை அமைக்கவும் முயன்றார். ஆற்றல் அழிவின்மை விதிப்படி அத்தகைய எந்திரம் இயலாதது. ஆயினும் இம்முயற்சிகளின் வழியே உலோகத் தகட்டை வெட்டவும் வளைக்கவும் துளையிடவும் பழகிக்கொண்டார்.

1887ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பள்ளி ஆசிரியையான கிளாரா வாக்கர் கோடஃப்ராய் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ரோலண்டு, டக்ளஸ் என்னும் இரு மகன்களும் பாட்ரீசியா என்னும் மகளும் பிறந்தனர். 1899ஆம் ஆண்டில் தந்தை இறந்தபின் குடும்ப வணிகம் மூடப்பட்டது. அதன்பின் ஹார்ன்பி, லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி வணிகம் நடத்திவந்த டேவிட் ஹியூ எலியட் என்பவரிடம் கணக்கராகப் பணியில் சேர்ந்தார்.

மெக்கானோவின் தோற்றம்

இக்காலத்தில் ஹார்ன்பி தம் மகன்களுக்காக உலோகத் தகடுகளை வெட்டிப் பாலங்கள், சரக்கு வண்டிகள், பாரந்தூக்கிகள் முதலியவற்றைச் செய்துவந்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே உறுப்புகளைச் செய்ய வேண்டியிருந்தது. ஒன்றுக்காகச் செய்த உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. தொடர்வண்டிப் பயணம் ஒன்றில் பாரந்தூக்கி ஒன்றைக் கண்டபோது, எல்லாப் பொம்மைகளுக்கும் பொதுவான உறுப்புகளைச் செய்யும் எண்ணம் இவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுகிறது.

சம இடைவெளியில் துளையிடப்பட்ட நீண்ட பட்டைகளே இவர் கண்ட தீர்வு. பட்டையின் அகலமும் அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவும் அரை அங்குலம் (12.7 மி.மீ.). எந்தப் பட்டையின் எந்தத் துளையையும் வேறொரு பட்டையின் துளைக்கு நேராக வைத்து போல்ட், நட்டு கொண்டு இறுக்க முடியும். அதே துளை, சக்கரங்களின் அச்சு சுழல்வதற்கான தாங்கியாகவும் பயன்படும். இணைப்புக்கும் இயக்கத்துக்கும் ஒரே துளையைப் பயன்படுத்தியதே இக்கண்டுபிடிப்பின் மையக் கூறு எனலாம். இதனால் அசையாத கட்டுமானங்களோடு, கப்பிகளும் பற்சக்கரங்களும் கொண்டு இயங்கும் எந்திரங்களையும் அதே உறுப்புகளால் கட்ட முடிந்தது.

1901ஆம் ஆண்டு ஜனவரியில், சிறுவர்களுக்கான விளையாட்டு மற்றும் கல்விக் கருவிகள் என்ற வகையில் ஹார்ன்பி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்கான செலவுக்குத் தம் முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் பெற்றார். தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் ஆர்வம் காட்டவில்லை. கையால் செய்யப்பட்ட உறுப்புகள் செப்பமாக இல்லாதது அதற்கு ஒரு காரணம். கண்டுபிடிப்பின் வாய்ப்பை உணர்ந்த எலியட், தம் அலுவலகத்தை ஒட்டிய காலி இடத்தை அளித்துப் பங்குதாரராகவும் இணைந்தார்.

அப்போது லிவர்பூலில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹென்றி செல்பி ஹீல்-ஷா இந்த விளையாட்டுப் பொருளின் கல்விப் பயனைப் பாராட்டிப் பரிந்துரைத்தார். இப்பரிந்துரைக்குப் பின்னரே வெளித் தயாரிப்பாளர்கள் உறுப்புகளைச் செய்துதர முன்வந்தனர். எந்திரவியலை எளிதாக்குவது என்று பொருள்படும் மெக்கானிக்ஸ் மேட் ஈசி என்னும் பெயரில் 1902ஆம் ஆண்டில் இது விற்பனைக்கு வந்தது. முதல் பெட்டியில் 16 வகை உறுப்புகளும் 12 மாதிரிகளைக் கட்டுவதற்கான விளக்கத் தாளும் இருந்தன. 1903ஆம் ஆண்டில் 1,500 பெட்டிகள் விற்றும் இலாபம் கிட்டவில்லை. 1906ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகச் சிறிதளவு இலாபம் ஈட்டப்பட்டது.

நிறுவனத்தின் வளர்ச்சி

தேவை அதிகரித்தபோது வெளித் தயாரிப்பாளர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. எனவே 1907ஆம் ஆண்டில் ஹார்ன்பி கணக்கர் பணியை விட்டு விலகி, லிவர்பூலின் டியூக் தெருவில் பட்டறை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மெக்கானோ என்னும் வணிகப்பெயர் பதிவு செய்யப்பட்டது. 1908ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் மெக்கானோ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டபோது எலியட் அதில் சேரவில்லை. முழுப் பொறுப்பும் ஹார்ன்பியிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 45.

1912ஆம் ஆண்டில் பாரிசில் பிரெஞ்சுக் கிளை தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் உரிமம் பெற்று மெக்கானோவைத் தயாரித்தது. சாவி கொடுத்து இயக்கும் சுருள்வில் மோட்டார்களை ஹார்ன்பி மார்க்ளினிடமிருந்து இறக்குமதி செய்தார். லிவர்பூலின் பின்ஸ் சாலையில் கட்டப்பட்ட பெரிய தொழிற்சாலை 1914ஆம் ஆண்டில் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே நிறுவனத்தின் தலைமையிடமாக விளங்கியது. 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்திலும் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பின்னர் அமெரிக்க வணிகம், எரெக்டர் என்னும் போட்டி விளையாட்டுப் பொருளைத் தயாரித்த கில்பர்ட் நிறுவனத்திடம் விற்கப்பட்டது.

அதுவரை நிக்கல் பூச்சுடன் விற்கப்பட்ட மெக்கானோ உறுப்புகள் 1926ஆம் ஆண்டில் சிவப்பு, பச்சை வண்ணங்களில் வெளிவந்தன. துளைகளின் அரை அங்குல இடைவெளி மட்டும் மாற்றப்படவே இல்லை. எனவே ஒரு தலைமுறையினர் வாங்கிய உறுப்புகளை அடுத்த தலைமுறையினரின் உறுப்புகளோடு இணைக்க முடிந்தது. இந்தியாவில் மெக்கானிக்ஸ் என்னும் பெயரில் வெளிவந்த விளையாட்டுப் பொருளும் இதே துளைப்பட்டை முறையில் அமைந்ததாகும்.

ஹார்ன்பி தொடர்வண்டிகள்

முதல் உலகப் போருக்கு முன் பிரித்தானியப் பொம்மைக் கடைகளில் விற்ற தொடர்வண்டிகளுள் பெரும்பகுதி ஜெர்மனியில் செய்யப்பட்டவை. போரினால் அந்த இறக்குமதி நின்றது. போருக்குப் பிந்திய ஜெர்மன் எதிர்ப்பு உணர்வும் உள்நாட்டுத் தயாரிப்புகளுக்கு வாய்ப்பளித்தது. இச்சூழலில் 1920ஆம் ஆண்டில் முதல் ஹார்ன்பி தொடர்வண்டி வெளிவந்தது. இது 32 மி.மீ. அகலப் பாதையில், சுருள்வில் விசையால் ஓடும் நீராவி எஞ்சின் வடிவப் பொம்மையாகும்.

முதல் ஹார்ன்பி எஞ்சின் மெக்கானோ முறையிலேயே அமைக்கப்பட்டது. அதன் உறுப்புகள் போல்ட், நட்டு கொண்டு இணைக்கப்பட்டிருந்ததால், சிறுவர்கள் அதைப் பிரித்து மீண்டும் பூட்ட முடிந்தது. பழுதடைந்த உறுப்பை மட்டும் வாங்கி மாற்றவும் இயன்றது. தொடர்வண்டியையும் ஒரு கட்டுமானப் பாடமாகவே ஹார்ன்பி கருதினார் என்பதை இது காட்டுகிறது.

ஆனால் தொடர்வண்டி வாங்கிய சிறுவர்கள், தாம் நிலையத்தில் கண்ட எஞ்சினைப் போன்ற ஒன்றையே விரும்பினர். வெளியே தெரியும் போல்ட்டுகளும் துளைகளும் அத்தோற்றத்தைக் கெடுத்தன. தயாரிப்புச் செலவும் கூடுதலாக இருந்தது. எனவே 1920களில் இம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டு, தகரத்தை அச்சில் அழுத்தி மடித்து இணைக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. 1923ஆம் ஆண்டில் பிரித்தானிய இருப்புப்பாதை நிறுவனங்கள் நான்கு பெரு நிறுவனங்களாக இணைக்கப்பட்டபின், அவற்றின் வண்ணங்களும் சின்னங்களும் ஹார்ன்பி வண்டிகளில் இடம்பெற்றன.

1925ஆம் ஆண்டில் லண்டன் மெட்ரோபாலிடன் பாதையின் எஞ்சினைப் பின்பற்றி, மின்சாரத்தால் ஓடும் முதல் ஹார்ன்பி எஞ்சின் வெளியிடப்பட்டது. இது வீட்டு மின்னிணைப்பிலிருந்து மின்விளக்குத் தடை வழியே நேரடியாக மின்சாரம் பெற்றது. சிறுவர்கள் தொடும் தண்டவாளத்தில் உயர் மின்னழுத்தம் இருப்பது ஆபத்தானது என்பதால், குறைந்த மின்னழுத்த முறை விரைவில் இதன் இடத்தைப் பிடித்தது. நிலையக் கட்டடங்கள், கைகாட்டிகள், சரக்குப் பெட்டிகள் முதலியனவும் தொடர்ந்து வெளிவந்தன. ஆயினும் குறுகிய வளைவுகளில் ஓட வேண்டியிருந்ததால் பெரும்பாலான எஞ்சின்கள் உண்மையானவற்றை விடக் குட்டையாகவும் குறைந்த சக்கரங்களுடனும் அமைந்தன. துல்லிய அளவு மாதிரிகள் என்று அவற்றைக் கூற இயலாது.

டிங்கி டாய்ஸ்

ஹார்ன்பி தொடர்வண்டிப் பாதைகளின் அருகில் வைப்பதற்காக, நிலையப் பணியாளர்கள், பயணிகள் முதலியோரின் சிறு வார்ப்பு உருவங்களை நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் வெளியிட்டது. அந்த வரிசையில் 1933ஆம் ஆண்டில் ஆறு சிறு வாகனங்கள் சேர்க்கப்பட்டன. 1934ஆம் ஆண்டில் டிங்கி டாய்ஸ் என்னும் பெயரைப் பெற்ற இவ்வரிசை, தொடர்வண்டிகளுக்குத் துணைப்பொருளாக இருந்த நிலையிலிருந்து தனிப்பெரும் வணிகமாக வளர்ந்தது.

டீசல் எஞ்சின் வண்டிகள் பிரித்தானிய இருப்புப்பாதைகளில் பரவத் தொடங்கிய காலம் இது. கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதை 1930களில் இயக்கிய, காற்றுத்தடையைக் குறைக்கும் வளைந்த முகப்புடைய டீசல் பயணியர் வண்டியும் டிங்கி வரிசையில் ஒரு சிறு வார்ப்புப் பொம்மையாக இடம்பெற்றது. அதில் மோட்டார் இல்லை. கையால் தள்ளி விளையாடுவதற்கானது. டீசல் வண்டி ஒன்றின் உருவம் ஹார்ன்பியின் வாழ்நாளிலேயே அவரது தொழிற்சாலையில் செய்யப்பட்டது குறிப்பிடத்தக்கது.

டிங்கி வண்டிகள் துத்தநாகக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டன. கலப்புலோகத்தில் ஈயம் போன்ற மாசு சிறிதளவு கலந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல வார்ப்பு உள்ளிருந்து அரிக்கப்பட்டுப் பருத்து, விரிசலுற்று நொறுங்கும். போருக்கு முந்திய டிங்கி வண்டிகளுள் பல இவ்வாறு அழிந்துள்ளன. 21ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட சில மாதிரி டீசல் எஞ்சின்களின் அடிச்சட்டங்களிலும் இதே குறை தோன்றியதுண்டு. 1960களின் இறுதியில் டிங்கியின் சில அச்சுகள் இந்தியாவுக்கு வந்து, கொல்கத்தாவில் நிக்கி டாய்ஸ் என்னும் பெயரில் வண்டிகள் செய்யப்பட்டன.

இதழும் சிறுவர் கழகங்களும்

1916ஆம் ஆண்டில் மெக்கானோ மேகசின் என்னும் இதழை ஹார்ன்பி தொடங்கினார். இது நிறுவனத்தின் விளம்பரத் தாளாகத் தொடங்கினும், பாலங்கள், கப்பல்கள், வானூர்திகள், இருப்புப்பாதைகள் பற்றிய கட்டுரைகளால் பொறியியல் ஆர்வமுள்ள சிறுவர்களின் இதழாக வளர்ந்தது. உலகின் பல பகுதிகளில் இருந்த மெக்கானோ கழகங்களை இணைக்க மெக்கானோ கில்டு என்னும் அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது. தொடர்வண்டி ஆர்வலர்களான சிறுவர்களுக்குத் தனிக் கழகம் ஒன்று 1928ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

விளம்பரங்களும் பெட்டிகளின் அட்டைப் படங்களும் பெரும்பாலும் ஆண் சிறுவர்களையே காட்டின. பெண் குழந்தைகளுக்கும் எந்திரவியல் ஆர்வம் இருக்கக்கூடும் என்பது அக்கால வணிகத்தில் பெரிதும் கருதப்படவில்லை. அதே வேளையில் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையில் பொருத்துதல், வண்ணம் பூசுதல், பெட்டியிடல் ஆகிய பணிகளைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் ஆவர்.

அரசியல்

1931ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஹார்ன்பி, லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியில் பழமைவாதக் கட்சியின் சார்பில் போட்டியிட்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். உடல்நலக் குறைவு காரணமாகவும் நிறுவனப் பணிகள் காரணமாகவும் 1935ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. அத்தேர்தலில் அத்தொகுதியைத் தொழிற்கட்சி கைப்பற்றியது.

மறைவு

ஹார்ன்பி நீண்டகால இதயநோயாலும் நீரிழிவாலும் பாதிக்கப்பட்டு, 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் லிவர்பூலில் காலமானார். லிவர்பூலுக்கு வடக்கே, அவர் வாழ்ந்த மகல் என்னும் ஊரிலுள்ள புனித ஆண்ட்ரூ ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மூத்த மகன் ரோலண்டு நிறுவனத்தின் தலைவரானார்.

ஹார்ன்பி டப்ளோவும் முதல் டீசல் மாதிரிகளும்

வீடுகளில் இடம் குறைந்துவந்த நிலையில், 32 மி.மீ. பாதையில் பாதியளவுக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள தொடர்வண்டிகளுக்குத் தேவை இருந்தது. ஹார்ன்பி மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1938ஆம் ஆண்டில் ஹார்ன்பி டப்ளோ வரிசை வெளிவந்தது. இவ்வரிசையின் எஞ்சின் உடல்கள் உலோக வார்ப்பால் ஆனவை. முந்தைய தகரப் பொம்மைகளை விட இவை உண்மையான எஞ்சின்களை வெகுவாக ஒத்திருந்தன.

இவ்வரிசையின் அளவில் ஒரு முரண்பாடு உண்டு. எஞ்சின்களும் பெட்டிகளும் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில், அதாவது ஏறத்தாழ 1:76 அளவில் அமைந்தவை. உண்மைப் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம் (1,435 மி.மீ.) என்பதால் மாதிரிப் பாதையின் அகலம் 18.83 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் ஐரோப்பாவின் 1:87 அளவுக்கு உரிய 16.5 மி.மீ. பாதையே பயன்படுத்தப்பட்டது. பிரித்தானிய எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களை விடச் சிறியவை. 1:87 அளவில் செய்தால் அக்கால மோட்டார்கள் அவற்றுள் அடங்கா என்பதே இதற்குக் காரணம். இதனால் மாதிரி வண்டிகள் 4 அடி 1½ அங்குலப் பாதையில் ஓடுவதுபோல் தோன்றும். இக்குறையைக் களைய விரும்பும் ஆர்வலர்கள் 18.2 மி.மீ. அல்லது 18.83 மி.மீ. பாதைகளை அமைத்து, தம் எஞ்சின்களின் சக்கரங்களையும் அச்சுகளையும் மாற்றிக்கொள்கின்றனர்.

1955ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நவீனமயமாக்கல் திட்டத்தின்படி பிரித்தானிய இருப்புப்பாதைகளில் நீராவி எஞ்சின்களின் இடத்தை டீசல், மின்சார எஞ்சின்கள் பிடிக்கத் தொடங்கின. 1957ஆம் ஆண்டில் பணிக்கு வந்த டி8000 என்னும் டீசல் எஞ்சினின் மாதிரியை ஹார்ன்பி டப்ளோ 1958ஆம் ஆண்டில் வெளியிட்டது. டப்ளோ வரிசையின் முதல் டீசல் எஞ்சின் இதுவே. டெல்டிக் உள்ளிட்ட பிற டீசல் மாதிரிகள் 1960களின் தொடக்கத்தில் வந்தன.

ஆனால் டப்ளோ வரிசை நடுவில் மூன்றாம் தண்டவாளம் உடைய பாதையை 1959ஆம் ஆண்டு வரை விடாமல் பற்றியிருந்தது. போட்டியாளரான டிரை-ஆங், இரண்டு தண்டவாளப் பாதையையும் மலிவான நெகிழி உடல்களையும் முன்பே கொண்டுவந்திருந்தது. நட்டமடைந்த மெக்கானோ நிறுவனம் 1964ஆம் ஆண்டில் டிரை-ஆங்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்சின் கைக்கு மாறியது. 1971ஆம் ஆண்டில் லைன்ஸ் பிரதர்சும் வீழ்ந்தது. மெக்கானோவும் டிங்கியும் ஏர்பிக்ஸ் நிறுவனத்திடம் சென்றன. தொடர்வண்டிப் பிரிவு ஹார்ன்பி என்னும் பெயருடன் மார்கேட் நகரில் தொடர்ந்தது. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மூடப்பட்டது. 900க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். மூடலை எதிர்த்துத் தொழிலாளர்கள் தொழிற்சாலையினுள் தங்கிப் போராடியும் பயனில்லை.

மாதிரி டீசல் எஞ்சின்களை மாற்றியமைத்தல்

ஹார்ன்பி பெயரில் வெளிவந்த டீசல் மாதிரிகளை வாங்கி, அவற்றுக்கு நுண்விவரம் சேர்த்து மாற்றியமைப்பது பிரித்தானியாவில் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. ஒரே வகையைச் சேர்ந்த உண்மை எஞ்சின்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது இதற்கு அடிப்படை. பணிமனைகளில் பழுதுபார்க்கும்போது ஒரு கதவு மூடப்படும், விளக்கு மாற்றப்படும், பிரேக் குழாய் கூடுதலாகச் சேர்க்கப்படும். வண்ணமும் எண்ணும் மாறும். மேற்கூறிய டி8000 பச்சை வண்ணத்துடன் பணிக்கு வந்தது. 1970களில் அதன் எண் 20050 ஆயிற்று. இன்று யார்க் தேசிய இருப்புப்பாதை அருங்காட்சியகத் தொகுப்பில் பாதுகாக்கப்படுகிறது. எனவே ஒரு மாதிரியில் எந்த எஞ்சினை, எந்த ஆண்டின் நிலையில் காட்டுவது என்று முடிவு செய்வதே முதற்படியாகும். அவ்வெஞ்சினின் பழைய ஒளிப்படங்கள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

பொதுவாக மேற்கொள்ளப்படும் மாற்றங்கள் பின்வருமாறு:

கைப்பிடிகள்: பழைய மாதிரிகளில் கைப்பிடிகள் நெகிழி உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அவற்றைக் கத்தியால் சீவி நீக்கி, மெல்லிய துளைகளிட்டு, வளைத்த கம்பிகள் பொருத்தப்படுகின்றன.

சாளரங்கள்: தடித்த நெகிழித் தகட்டுக்கு மாற்றாக, சுவரோடு சமமாக அமையும் மெல்லிய ஒளிபுகு தகடுகள் பதிக்கப்படுகின்றன.

முகப்பு: பிரேக் குழாய்கள், இணைப்புக் கொக்கி, சங்கிலி ஆகியவை தனித்தனியே சேர்க்கப்படுகின்றன. தண்டவாள வளைவு மிகக் குறுகியதாயின் இவை சக்கரச் சட்டத்தில் இடிக்கும் என்பதால், ஓட்டத்துக்காகச் சில விவரங்கள் விடப்படுவதும் உண்டு.

கூரை: டீசல் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியின் மேலுள்ள வலைத்தட்டி, வேதி அரிப்பு முறையில் செய்த மெல்லிய பித்தளைத் தகட்டால் மாற்றப்படுகிறது. பெயர்ப் பலகைகளும் இம்முறையில் செய்யப்படுகின்றன.

இயக்கம்: பழைய மாதிரிகளில் ஒரு முனைச் சக்கரத் தொகுதியில் மட்டும் மோட்டார் இருக்கும். அதற்கு மாற்றாக நடுவில் மோட்டாரை வைத்து, இரு முனைகளுக்கும் சுழல்தண்டு வழியே விசை செலுத்தும் அடிச்சட்டம் பொருத்தினால் இழுவிசையும் சீரான ஓட்டமும் கிடைக்கும். எண்ணிமக் கட்டுப்பாட்டுச் சில்லும் ஒலிபெருக்கியும் பலரால் சேர்க்கப்படுகின்றன.

வண்ணம்: புதிய எண்கள் ஒட்டுப்படத் தாள் கொண்டு இடப்படுகின்றன. இறுதியில் புகைபோக்கியைச் சுற்றிக் கரியும், அடிச்சட்டத்தில் பிரேக் தூசியின் பழுப்பும், எரிபொருள் நிரப்பும் இடத்தில் எண்ணெய்க் கறையும் நீர்த்த வண்ணங்களால் தீட்டப்படுகின்றன.

1990களில் தயாரிப்பு சீனாவுக்கு மாறிய பின், தனித்தனிக் கைப்பிடிகளும் நுண்ணிய வலைத்தட்டிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. பழைய மாதிரிகளில் ஆர்வலர்கள் கையால் செய்துவந்த பல வேலைகள் இதனால் தேவையற்றுப் போயின. விலையும் உயர்ந்தது, நொய்ந்த உறுப்புகளால் சிறுவர்கள் கையாள்வதும் கடினமாயிற்று. 2004ஆம் ஆண்டில் இத்தாலியின் லிமா நிறுவனத்தின் அச்சுகளை ஹார்ன்பி வாங்கியது. எளிய அமைப்புடைய லிமா டீசல் மாதிரிகள் மாற்றியமைக்கப் பழகுவோருக்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன.

அறிவியலில் மெக்கானோ

1934ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டு, வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பொறி ஒன்றைக் கட்டினர். அதற்கு ஏறத்தாழ 20 பவுண்டே செலவாயிற்று. அதன் விடைகள் அணு அமைப்புக் கணக்குகளுக்குப் பயன்படும் அளவுக்குத் துல்லியமாக இருந்தன. 1996ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹரால்டு குரோட்டோ, தம் அறிவியல் ஆர்வத்துக்குச் சிறுவயதில் விளையாடிய மெக்கானோவும் காரணம் எனக் குறிப்பிட்டுள்ளார்.

மதிப்பீடு

ஹார்ன்பி உருவாக்கிய இரு முதன்மைப் படைப்புகளும் ஒன்றுக்கொன்று எதிரான தன்மை உடையவை. மெக்கானோவில் கட்டிய எஞ்சினில் எங்கும் துளைகள் தெரியும். ஆனால் மறுநாள் அதைப் பாரந்தூக்கியாக மாற்றலாம். முழுமையாகச் செய்து விற்கப்படும் மாதிரி எஞ்சின் உண்மையை ஒத்திருக்கும். ஆனால் அதை வாங்குபவர் செய்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. 1920ஆம் ஆண்டின் முதல் எஞ்சினில் ஹார்ன்பி இரண்டையும் இணைக்க முயன்றார். சந்தை இரண்டாவதையே விரும்பியது.

விலை கொடுத்து வாங்கிய டீசல் எஞ்சினின் உடலைக் கழற்றி, வெட்டி, துளையிட்டு, வேறோர் எஞ்சினாக மாற்றும் ஆர்வலர்களின் பணியில், அவர் கைவிட நேர்ந்த முதல் நோக்கம் மீண்டும் இடம்பெறுகிறது எனலாம். மெக்கானோவைத் தயாரித்துவந்த பிரான்சின் கலே நகரத் தொழிற்சாலையை மூடும் முடிவு 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அரை அங்குல இடைவெளியில் துளையிட்ட பழைய பட்டைகளைச் சேகரித்துப் புதிய மாதிரிகளைக் கட்டுவோரின் கழகங்கள் பல நாடுகளில் இயங்கிவருகின்றன.